மொராக்கோவுக்கு ஒரு பெண் தனியாகப் போகலாமா?

கேட்டிருப்பவர் கோவையில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண். மார்ச் கடைசியில் இரண்டு வாரம் மொராக்கோவுக்குத் தனியாகப் போக நினைக்கிறார். "முஸ்லிம் நாடாச்சே, பொண்ணு தனியாப் போனா பாதுகாப்பா இருக்குமா, தலையை மூடிக்கணுமா, அம்மா வேண்டவே வேண்டாம்னு நிக்கிறாங்க" என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வருமா என்பது ஒன்று. தெருவில் நிம்மதியாக நடக்க முடியுமா என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் பதில் வேறு வேறு, ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "சொர்க்கம், பயமே இல்லை" என்றும் இன்னொருவர் "அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே" என்றும் சொல்கிறார்கள். மூன்றாவது, ஏதாவது நடந்துவிட்டால் அந்த நாட்டுச் சட்டம் என் பக்கம் நிற்குமா என்பது. நீங்கள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அம்மாவின் பயத்துக்கு அடியில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் சென்னையிலிருந்து பெண்கள் குழுக்களை அழைத்துப் போகும் டூர் மேனேஜர். மொராக்கோ, துருக்கி, ஜோர்டான், எகிப்து என்று பல வருஷமாக இதுதான் பிழைப்பு. குழுவை விமானம் ஏற்றிவிட்டுச் சில நாள் தனியாகத் தங்கிச் சுற்றுவதும் உண்டு, ஆகவே இரண்டு விதமாகவும் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பழக்கம் ரயிலும் பஸ்ஸும் போகிற, பயணிகள் வழக்கமாகத் தங்குகிற ஊர்கள்தான். நாட்டின் வடக்கே ரிஃப் மலைக்குள் உள்ள கிராமங்களில் தனியாகத் தங்குவது, லிஃப்ட் கேட்டுப் பயணம் செய்வது மாதிரி விஷயங்களுக்கு என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நான் வக்கீலும் இல்லை, சட்டம் பற்றிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "முஸ்லிம் நாடு" என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அதிலிருந்து உங்களுக்கு உபயோகமான தகவல் ஒன்றுமே கிடைக்காது. ஈரானில் தலையை மூடுவது சட்டம், வெளிநாட்டுப் பெண்ணுக்கும் அதே சட்டம்தான், 2022-ல் மாசா அமினி போலீஸ் காவலில் இறந்து நாடே கொந்தளித்தது அந்தச் சட்டத்தை ஒட்டித்தான். சவுதி 2019-ல் சுற்றுலா விசா திறந்தபோது வெளிநாட்டுப் பெண்கள் அபாயா என்கிற நீளமான மேலங்கியைப் போட வேண்டியதில்லை, அடக்கமான உடை போதும் என்று அறிவித்தது, அதே வருஷம் பெண் தனியாக ஹோட்டலில் அறை எடுக்கவும் வழி செய்தது. எகிப்தில் உடைக்கு எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் தெருத் தொல்லை கடுமை, கெய்ரோ மெட்ரோவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டியே ஓடுகிறது. மலேசியாவில் ஒரு தமிழ்ப் பெண் தனியாக நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எல்லாம் முஸ்லிம் நாடுகள்தான். ஆக, மதத்தை வைத்து எடை போடாமல் அந்த ஊரின் தெரு, நேரம், வாகனம், சட்டம் ஆகியவற்றை வைத்துப் பாருங்கள். மொராக்கோவை அப்படிப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று சொல்கிறேன்.

உயிர், உடம்பு விஷயத்தில் நிலைமை நீங்கள் பயப்படுவதைவிட நல்லது. 2024-ல் மட்டும் 1 கோடியே 74 லட்சம் பேர் அந்த நாட்டுக்குப் போனதாக அரசு கணக்குச் சொல்கிறது. சுற்றுலா அங்கே பல லட்சம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் என்பதால் மராகேஷ், ஃபெஸ் மாதிரி ஊர்களில் சுற்றுலா போலீஸ் என்றே தனிப் பிரிவு உண்டு, அதில் பலர் சாதாரண உடையில்தான் சுற்றுகிறார்கள். பயணியின் மேல் கை வைத்தால் வழக்கு சும்மா போகாது என்று உள்ளூர்ப் பையன்களுக்கும் தெரியும். அதற்காக நடந்ததை மறைக்க வேண்டியதில்லை: 2018 டிசம்பரில் துப்கால் மலை ஏறப் போன இரண்டு ஸ்காண்டிநேவிய இளம்பெண்கள், இம்லில் ஊருக்கு மேலே கூடாரம் போட்டுத் தூங்கும்போது ஐஎஸ் ஆதரவாளர்களால் கொல்லப்பட்டார்கள். நாடே அதிர்ந்துபோனது, மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள், கொன்றவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு துப்கால் பாதையில் சோதனைச் சாவடி வந்தது, வழிகாட்டி இல்லாமல் மேலே விடுவதில்லை. அந்தச் சம்பவத்தை வைத்து "போகாதே" என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் மலையில் தனியாகக் கூடாரம் போடுவதை யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நகரத்தில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது பைப்பறிப்பு, ஃபோன் பறிப்பு, ஏமாற்றிப் பணம் கறப்பது. ஸ்கூட்டரில் வந்து தோள்பையை இழுத்துப் போகிறவர்கள் காசாபிளாங்காவிலும் மராகேஷிலும் உண்டு, ஆகவே பை சுவர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும், ஃபோனைக் கையில் நீட்டிப் பிடித்தபடி ரோட்டோரம் நடக்காதீர்கள்.

இனி உங்களை உண்மையிலேயே களைப்படைய வைக்கப் போகிற விஷயம். தெருவில் பேச்சு விழும். "ஹலோ மேடம்", "பியூட்டிஃபுல்", "தனியாவா", "எந்த ஊர்" என்று காலையில் தொடங்கி ராத்திரி வரை. இந்தியர் என்று தெரிந்தால் "இந்தியா! ஷாருக் கான்!" என்று கூப்பிடாத கடைக்காரர் கிடையாது, சிலர் இந்திப் பாட்டே பாடுவார்கள். இதில் முக்கால்வாசி வியாபாரம், மீதியில் பெரும்பகுதி வெட்டிப் பேச்சு, கொஞ்சம்தான் அருவருப்பான ரகம். பின்னாலேயே வருவதும் உண்டு, நூறு மீட்டர், இருநூறு மீட்டர், சில சமயம் உங்கள் தங்குமிடம் வரை. சென்னைப் பஸ்ஸில் காலேஜ் போய் வந்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம், இங்கே திட்டுவதற்கு மொழி இருக்கிறது, அங்கே அது இல்லை, அதனால் அதே தொல்லை அங்கே இரண்டு மடங்காகத் தெரியும். மூன்றாம் நாள், நான்காம் நாள் பல பெண்கள் அறையை விட்டு வெளியே வரவே சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆபத்து வந்ததால் இல்லை, அலுப்பினால். அந்த அலுப்புக்கு இடம்விட்டுத் திட்டம் போடுங்கள், நடுவில் ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் மாடியில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிற மாதிரி.

இது வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்தால் மட்டும் வருகிற வியாதி என்றும் நினைக்காதீர்கள். மொராக்கோ அரசின் புள்ளிவிவர அமைப்பு 2019-ல் நடத்திய ஆய்வில், 15 முதல் 74 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒருவகை வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி வீட்டுக்குள் நடந்தது, வாய்வார்த்தையும் மிரட்டலும் அதில் சேரும், ஆகவே அதைத் தெருத் தொல்லைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அந்த ஊர்ப் பெண்களும் இதே ஆண்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதிலிருந்து புரியும். 2017 ஆகஸ்டில் காசாபிளாங்காவில் ஓடும் பஸ்ஸில் ஓர் இளம்பெண்ணைப் பையன்கள் கூட்டமாகத் தாக்கிய வீடியோ வெளிவந்தபோது தெருவில் இறங்கிப் போராடியவர்கள் மொராக்கோப் பெண்கள்தான். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 103-13 எண் சட்டத்துக்குப் பின்னால் அவர்களுடைய பல வருஷ உழைப்பு இருக்கிறது. பொது இடத்தில் பாலியல் நோக்கத்தோடு பேசினாலோ சைகை காட்டினாலோ ஒன்று முதல் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். திர்ஹம் அந்த நாட்டு நாணயம், ஒரு திர்ஹம் ஏறக்குறைய ஒன்பது, பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இருப்பது உறுதி. தெருவில் ஒருவன் கமென்ட் அடித்ததற்கு நீங்கள் ஸ்டேஷன் போனால் வழக்காகுமா என்பது ஆளைப் பொறுத்தது, சாட்சியைப் பொறுத்தது. ஆனால் "போலீஸ்" என்று உரக்கச் சொல்வதற்கு அங்கே மதிப்பு இருக்கிறது, அதை நானே பார்த்திருக்கிறேன்.

எப்படிச் சமாளிப்பது? ஒரு தடவை "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி), அப்புறம் வாய் திறக்கக் கூடாது. இது நம்மூர்ப் பெண்களுக்கு ரொம்பக் கஷ்டம், கேட்டால் பதில் சொல்வது மரியாதை என்று வளர்ந்திருக்கிறோம். அங்கே "எந்த ஊர்?" என்பதற்குப் பதில் சொன்னால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதிலிருந்து வெளியே வர அரைமணி ஆகும். கறுப்புக் கண்ணாடி போடுங்கள், கண்ணைப் பார்க்காமல் நடங்கள், வழி தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி நடங்கள். பின்னால் யாராவது தொடர்ந்தால் தங்குமிடத்துக்குப் போகாதீர்கள், பக்கத்தில் உள்ள கடைக்குள் நுழைந்து வயதான கடைக்காரரிடமோ ஒரு பெண்ணிடமோ சொல்லுங்கள். வார்த்தை எல்லை மீறினால் "ஹ்ஷூமா!" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்லலாம், வெட்கமாயில்லையா என்கிற மாதிரி. பாதிப் பேர் அதிலேயே கழன்றுவிடுவார்கள், காரணம் சுற்றியிருப்பவர்கள் உங்கள் பக்கம் சேர்ந்துகொள்வார்கள்.

வழி கேட்பதில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நீங்களாகத் தேர்ந்தெடுத்த ஆளிடம் கேட்கலாம், தானாக வந்து வழி சொல்கிறவரை நம்பக் கூடாது. ஃபெஸ் பழைய நகரத்தில் தலா கபீரா என்று ஒரு நீளமான இறக்கத் தெரு. என் குழுவில் வந்த ஒருவர், மதுரைக்காரர், மற்றவர்களை விட்டுப் பின்தங்கி அங்கே தனியாக நின்றபோது பதினாறு பதினேழு வயசுப் பையன் ஒருவன் வந்து, "இந்தப் பக்கம் மூடியிருக்கு, மசூதி, போகக் கூடாது, தோல் பதனிடும் இடம் இந்தப் பக்கம்" என்று முன்னால் நடக்க ஆரம்பித்திருக்கிறான். காசு வேண்டாம், மாணவன், ஆங்கிலம் பேசிப் பழகத்தான் என்றானாம். நாலு திருப்பம் தாண்டி, இரண்டு பேர் எதிரெதிரே போனால் தோள் இடிக்கிற சந்தில் நின்று 200 திர்ஹம் கேட்டான், அதற்குள் கூட்டாளி ஒருவனும் வந்து சேர்ந்துவிட்டான். அந்த அம்மா செய்தது புத்திசாலித்தனம். சந்தில் அந்தத் தெருவுக்கான ரொட்டி அடுப்பு ஒன்று இருந்தது. வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணி போர்த்திக் கொண்டுவந்து சுட்டு வாங்கிப் போவார்களே, அந்த மாதிரி இடம். அதன் வாசலில் போய் நின்றுகொண்டு தமிழிலேயே சத்தம் போட்டார். நீளக் கட்டையை அடுப்பிலிருந்து உருவிக்கொண்டே வெளியே வந்த பெரியவர் அந்தப் பையன்களை அரபியில் திட்டித் தீர்த்ததோடு, ரொட்டி வாங்க நின்ற ஒரு சிறுமியை அனுப்பிப் பெரிய தெருவரைக்கும் கொண்டுவந்து விடச் சொன்னார். இந்த இரண்டு வகை மனிதர்களும் அதே சந்தில்தான் இருக்கிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி கழுத்தில் அட்டை மாட்டியிருப்பார், முதல் நாள் அரைநாளுக்கு அப்படி ஒருவரைத் தங்குமிடம் மூலமாக ஏற்பாடு செய்துகொண்டால் மீதி நாட்களில் ஊர் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

உடை. தலையை மூடத் தேவையில்லை, சட்டமும் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. மொராக்கோப் பெண்களில் முக்காடு போட்டவரும் போடாதவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிப்பதைத் தினமும் பார்ப்பீர்கள். முஸ்லிம் அல்லாதவர்களை அங்கே பெரும்பாலான மசூதிகளுக்குள் விடுவதில்லை. காசாபிளாங்காவின் ஹசன் 2 மசூதியைத்தான் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள், அதற்குத் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். மற்றபடி நம் சுடிதார், குர்த்தா, தொளதொள பேன்ட் அங்கே அச்சாகப் பொருந்தும், இந்த விஷயத்தில் ஐரோப்பியப் பெண்களைவிட நமக்கு வசதி அதிகம். மூடின உடை தொல்லையைக் குறைக்குமா என்றால், என் அனுபவத்தில் பேச்சுக்களின் எண்ணிக்கை குறைகிறது, நிற்பதில்லை. கணுக்கால் வரை ஜெல்லாபா என்கிற தொளதொள அங்கி போட்ட உள்ளூர்ப் பெண்களையே விடுவதில்லை. ஆகவே எதையாவது கேட்க நேர்ந்தால் "நான் போட்டிருந்த டிரஸ்ஸால்தானோ" என்று யோசிக்காதீர்கள். கல்யாண மோதிரம் போட்டுக்கொள்வது, "கணவர் ஹோட்டலில் இருக்கிறார்" என்று சொல்வது இதெல்லாம் பேச்சை முடிக்க உதவும் சின்ன வித்தைகள், அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம்.

ஏற்பாட்டில் நான் மிகவும் கறாராக இருப்பது ஒரே இடத்தில்: புது ஊருக்குப் போய்ச் சேரும் நேரம். பழைய நகரங்களுக்குள், அதாவது மெதினாவுக்குள், கார் போகாது. ரியாத் என்று சொல்கிற அழகான முற்றம் வைத்த தங்குமிடங்கள் எல்லாம் சந்துக்குள் இருக்கும், டாக்ஸி உங்களைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து கடைசி இருநூறு முந்நூறு மீட்டர், பெட்டியை இழுத்துக்கொண்டு, மேப்பில் நீலப்புள்ளி தாவிக்கொண்டிருக்க, நாலு பேர் "ஹோட்டல்? ஹோட்டல்?" என்று சூழ்ந்துகொள்ள நடக்கிறீர்களே, எனக்குத் தெரிந்து பெண்கள் முதல் நாளே கண்கலங்கியது பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். முதல் நாளே ரியாத்துக்கு வாட்ஸாப்பில் எழுதி, ஃபெஸ் என்றால் "பாப் பூஜ்லூத் கோட்டை வாசலுக்கு இத்தனை மணிக்கு ஆள் அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள், ஏறக்குறைய எல்லோரும் அனுப்புவார்கள், கைவண்டிக்காரர் வந்து பெட்டியையும் எடுத்துப் போவார். வருகிறவர் பெயரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் "உங்க ரியாத் அனுப்பிச்சதே என்னைத்தான்" என்று வேறொருவர் வந்து நிற்பது அங்கே பழைய தந்திரம். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாகப் போன பெண்கள் எழுதிய விமரிசனத்தை மட்டும் படியுங்கள், அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். முற்றம் பார்த்த ஜன்னலுக்கு வெறும் மரக்கதவுதான் இருக்கும், அதில் கொக்கி வேலை செய்கிறதா என்று போன உடனே பாருங்கள்.

போக்குவரத்து நன்றாகவே இருக்கிறது. ரயிலை நம்பலாம். காசாபிளாங்கா விமான நிலையத்திலிருந்தே ரயில் உண்டு, டாஞ்சியருக்கும் காசாபிளாங்காவுக்கும் நடுவே 2018 முதல் அல் போராக் அதிவேக ரயில் ஓடுகிறது. சாதாரண ரயிலில் முதல் வகுப்புக்குக் கொஞ்சம்தான் கூடுதல், சீட் நம்பரோடு கிடைக்கும், தயங்காமல் வாங்குங்கள். ரயில் இல்லாத ஊருக்கு சிடிஎம், சூப்ராதூர்ஸ் பஸ்கள். நகரத்துக்குள் ஓடும் சின்ன டாக்ஸி, பெத்தி டாக்ஸி என்பார்கள், ஊருக்கு ஊர் நிறம் மாறும், காசாபிளாங்காவில் சிவப்பு, ரபாத்தில் நீலம். மீட்டர் போடச் சொல்லுங்கள், மராகேஷில் மறுப்பார்கள், அடுத்த வண்டிக்குப் போங்கள். இரவில் மீட்டருக்கு மேல் பாதி கூடும், அது முறையான கட்டணம்தான். வழியில் இன்னொரு ஆளை ஏற்றினால் பதறாதீர்கள், மூன்று பேர் வரை அப்படி ஏற்றுவது அங்கே வழக்கம். பின்சீட்டில் உட்காருங்கள், அவ்வளவுதான். ஊர்விட்டு ஊர் போகும் பெரிய டாக்ஸியில் ஆறு பேரை அடைப்பார்கள், முன்பின் தெரியாத ஆண்களோடு தொடை இடிக்க இரண்டு மணிநேரம் உட்கார வேண்டாம் என்றால் முன்சீட்டைக் கேளுங்கள், பழைய மெர்சிடிஸ் வண்டியில் முன்னால் இரண்டு பேர் கணக்கு, இரண்டு இடத்துக்கும் காசு கொடுத்துவிட்டால் தனியாக உட்காரலாம். உள்ளூர்ப் பெண்களும் இதைச் செய்கிறார்கள்.

கூட்டத்தில் கை வைக்கிறவர்கள் மராகேஷ் ஜெமா எல்ஃப்னா மைதானத்தில் இருக்கிறார்கள், ராத்திரி பாட்டுக்காரர்களைச் சுற்றி வட்டமாக நிற்கிற கூட்டத்தில் முக்கியமாக. அந்தக் காட்சியை மேலே மொட்டைமாடி காபிக் கடையில் இருந்து பாருங்கள், இன்னும் அழகாகத் தெரியும். மருதாணி போடும் பெண்கள் கேட்காமலே கையைப் பிடித்துக் கோடு போட்டுவிட்டுக் காசு கேட்பார்கள். காசு போனால் போகிறது, ஆனால் கறுப்பு மருதாணி என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள், அதில் கலக்கும் தலைச்சாயப் பொருள் தோலைப் புண்ணாக்கிவிடும். தெருவோரக் காபிக் கடையில் வரிசையாக ஆண்கள் மட்டும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அது ஆண்களின் இடம், யாரும் துரத்த மாட்டார்கள், ஆனால் நிம்மதியாக இருக்காது. கேக், பிஸ்கட் விற்கும் பேஸ்ட்ரி கடைகளில் குடும்பங்கள், பெண்கள் வருவார்கள், அங்கே உட்காருங்கள். மது விற்கும் உள்ளூர் பார்களைத் தவிர்த்துவிடுங்கள். ஹமாம் என்கிற பொதுக் குளியலிடத்துக்கு அவசியம் போங்கள், பெண்களுக்கென்று தனி நேரமோ தனிப் பகுதியோ உண்டு, உள்ளே ஓர் ஆணும் கிடையாது, முதுகு தேய்க்கும் பாட்டி உங்களைப் பேத்தி மாதிரி அதட்டிக் குளிப்பாட்டுவார். ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்கான மசாஜ் கடைகளில் பெண்தான் செய்வார் என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

சஹாரா பாலைவன ஓரத்தில் மெர்ஸூகா பக்கம் மணல்மேட்டில் தங்கும் கூடாரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடம் அற்புதம், போகாமல் வராதீர்கள். ஆனால் பல கூடாரங்களுக்குப் பூட்டு கிடையாது, அக்கம்பக்கம் வேறு வீடும் கிடையாது, ஆகவே குழுவோடு போகும் பயணத்தில் சேர்ந்துகொள்ளுங்கள், அன்றைக்கு நீங்கள் ஒருவர் மட்டும்தான் விருந்தாளி என்றால் மறுத்துவிடுங்கள். இனிக்க இனிக்கப் பேசும் ஒட்டகக்காரப் பையன்களில் சிலருக்கு வெளிநாட்டுப் பெண்ணைக் காதலிப்பதே வருமானம், ஊருக்குத் திரும்பிய பிறகும் வாட்ஸாப்பில் அம்மாவுக்கு ஆபரேஷன், தம்பிக்கு ஃபீஸ் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எல்லோரும் அப்படி இல்லை. யார் எப்படி என்று ஒரு ராத்திரியில் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. ரிஃப் மலையில் உள்ள ஷெஃப்ஷாவென் ஊரில் கஞ்சாத் தோட்டம் காட்டுகிறேன் என்று மலைக்குக் கூப்பிடுகிறவரோடு எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

இப்போது சட்டம், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். மொராக்கோ தண்டனைச் சட்டத்தின் 490-ஆம் பிரிவுப்படி திருமணம் ஆகாதவர்கள் உறவு கொள்வது குற்றம், ஒரு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை. பாலியல் வல்லுறவு கடுமையாகத் தண்டிக்கப்படும் குற்றம்தான், ஆனால் வல்லுறவு என்று நிரூபிக்க முடியாமல் போனால் புகார் கொடுத்தவள் மேலேயே இந்தப் பிரிவு திரும்பலாம் என்ற பயத்தில் பெண்கள் வாய் திறப்பதில்லை என்று அந்த நாட்டுப் பெண்ணுரிமை அமைப்புகளே சொல்லி வருகின்றன. இந்தப் பிரிவை நீக்கச் சொல்லி 2019-ல் 490 பேர் கையெழுத்திட்டு, "இந்தச் சட்டத்தை நாங்கள் மீறியிருக்கிறோம்" என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளின் மேல் இதைப் போடுவது வழக்கமில்லை என்பது என் புரிதல், அதை உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன். மோசமாக ஏதாவது நடந்தால் தனியாக ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். குளிக்காமல், உடை மாற்றாமல், பெரிய ஊரில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், அங்கிருந்தே ரபாத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தைக் கூப்பிடுங்கள், தூதரகம் மூலமாக வக்கீலும் மொழிபெயர்ப்பாளரும் வைத்துக்கொண்டு வாக்குமூலம் கொடுங்கள். அரபியிலோ பிரெஞ்சிலோ எழுதிய தாளில் அர்த்தம் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உயிராபத்து என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். நகரத்தில் போலீஸ் எண் 19, நகரத்துக்கு வெளியே ஜாந்தார்மெரி என்கிற காவல்படை 177, ஆம்புலன்ஸ் 15. தூதரக எண்ணோடு சேர்த்து ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஃபோன்தான் முதலில் திருடு போகும்.

மார்ச் என்றதால் ரமலானையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். நோன்புக் காலத்தில் சூரியன் மறைகிற நேரம் தெருவே காலியாகிவிடும், டாக்ஸி கிடைக்காது, கடை சாத்தியிருக்கும். அந்த ஒரு மணிநேரம் தனியாக வெளியே நிற்காதீர்கள். அதற்குப் பிறகு நள்ளிரவு வரை குடும்பம் குடும்பமாக ஜனம் வெளியே வரும், மற்ற மாதங்களைவிட ராத்திரியில் நடக்க வசதியாகவே இருக்கும். நீங்கள் முஸ்லிமாக இருந்தால் இன்னொன்று, பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது முஸ்லிம்களுக்கு அங்கே சட்டப்படி குற்றம், மற்றவர்களுக்கு இல்லை.

ஊர் வரிசை பற்றியும் ஒரு யோசனை. எல்லோரும் மராகேஷில் தொடங்குகிறார்கள், தொல்லை அதிகமுள்ள ஊரில் ஒன்றும் பழகாத முதல் நாளைக் கழிக்கிறார்கள். நீங்கள் ரபாத்தில் தொடங்குங்கள். தலைநகரம், டிராம் ஓடுகிறது, பழைய நகரத்துக்குள்கூடக் கடைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். காசாபிளாங்கா விமான நிலையத்திலிருந்து வந்து காசா வோயாஜர் ஸ்டேஷனில் ரயில் மாறினால் போய்விடலாம். இரண்டு நாள் அங்கே இருந்து காதையும் கண்ணையும் பழக்கிக்கொண்டு, ரயிலில் ஃபெஸ், அங்கிருந்து பஸ்ஸில் ஷெஃப்ஷாவென், கடைசியில் மராகேஷ். மராகேஷ் மூச்சுமுட்டினால் மூன்று மணிநேர பஸ் தூரத்தில் கடற்கரையில் எஸ்ஸாவிரா இருக்கிறது, காற்று அடித்துத் தள்ளும், மனிதர்கள் நிதானமானவர்கள்.

அம்மாவிடம் "பயப்படாதே" என்று சொல்வதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ரியாத்தின் பெயர், ஃபோன் நம்பர், என்றைக்கு எந்த ரயில் என்று எழுதின தாளை அவர் கையில் கொடுங்கள், ஃபோனில் இருப்பிடம் தெரிகிற மாதிரி வைத்துவிடுங்கள். ரமலான் மாதம் தவிர, இந்திய நேரம் மொராக்கோ நேரத்தைவிட நாலரை மணிநேரம் முன்னால். நீங்கள் ராத்திரி ஒன்பதுக்கு அறைக்குத் திரும்பி மெசேஜ் போட்டால் கோவையில் அதிகாலை ஒன்றரை, அதுவரை அவர் விழித்துக்கொண்டுதான் இருப்பார். ஆகவே தினமும் அங்கே மாலை ஆறு மணி என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு எங்கே சாப்பிடப் போகிறீர்கள், எப்படித் திரும்புவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தேதியும் எந்தெந்த ஊரில் எத்தனை ராத்திரி என்பதும் முடிவானதும் இங்கே எழுதுங்கள், எந்த பஸ் இருட்டின பிறகு போய்ச் சேரும், எதை மாற்றிப் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.